திங்கள்கிழமை மட்டும் வயிறு வலிக்குமா?
பள்ளிக்கு மட்டம் போடும் பிள்ளைகள் பற்றி வாசகர் கேள்விகள்

கடலூர் பக்கத்துப் பள்ளிகளில் டீச்சராகவும் தலைமையாசிரியையாகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லீவு பற்றித்தான். ஐந்தை எடுத்திருக்கிறேன்.

மகன் மூன்றாம் வகுப்பு. திங்கள்கிழமை காலையானால் வயிற்று வலி என்று சுருண்டு படுத்துக்கொள்கிறான். பத்து மணிக்கு மேல் விளையாடுகிறான். நடிக்கிறானா?
— ஒரு அம்மா, தேவனாம்பட்டினம்

நடிப்பு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பயத்திலும் வயிறு உண்மையாகவே வலிக்கும். முதலில் ஒரு டாக்டரிடம் காட்டி, உடம்பில் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் சமையலறையில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரை எடுத்து, அவன் போகாத நாளையெல்லாம் பேனாவால் வட்டமிடுங்கள். ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாள் பள்ளி நடக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். திங்கள்தோறும் ஒரு நாள் என்றால் ஏறக்குறைய 40 நாள் போய்விடும். 'ஒரே ஒரு நாள்தானே' என்று நாம் விடுவது இப்படித்தான் சேர்கிறது.

எந்தக் கிழமை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. என் பள்ளியிலும் இப்படி ஒரு பையன் இருந்தான். விசாரித்தால், திங்கட்கிழமை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒருமுறை குறள் சொல்ல வந்து, இரண்டாம் அடியில் மறந்துபோய் நின்றிருக்கிறான். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அது நடந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. அவனுக்கு மட்டும் திங்கள்தோறும் நினைவு வந்திருக்கிறது. சீட்டைப் பார்த்துப் படிக்கலாம் என்று சொன்னோம். வயிற்று வலி போயிற்று.

உங்கள் மகனிடம் 'ஏன் போகமாட்டேங்கிற?' என்று காலை எட்டரை மணிக்குக் கேட்காதீர்கள். ஞாயிறு சாயங்காலம் கடற்கரையில் நடந்துகொண்டே 'நாளைக்கு முதல் பீரியட் என்ன?' என்று கேளுங்கள், பதில் வரும். அரசுப் பள்ளி என்றால் காலை உணவு இருக்கிறது, அங்கேயே சாப்பிடட்டும். கூட்டாளிகளோடு தட்டைப் பிடித்து உட்கார்ந்துவிட்ட பிள்ளைக்கு பாதிப் பயம் போய்விடும். (உப்புமா பிடிக்காத பிள்ளையும் உண்டு. அது வேறு கதை.)

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாரத்தில் இரண்டு நாள் வருவதில்லை. போன் செய்தால் 'உடம்பு சரியில்லை' என்கிறார்கள். அம்மா முந்திரி உடைக்கப் போகிறார். என்ன செய்வது?
— ஒரு வகுப்பாசிரியர், பண்ருட்டி பக்கம்

போனை வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள் சார். காலையில் போகாதீர்கள், யாரும் இருக்கமாட்டார்கள். ஆறு மணிக்கு மேல் போங்கள். வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துப் போகவேண்டாம். அதைப் பார்த்தாலே வசூலுக்கு வந்த மாதிரி முகம் மாறிவிடும்.

இப்படி வராத ஒரு மாணவியின் வீட்டுக்கு நான் ஒருமுறை போனபோது பார்த்த காட்சி: தூளியில் தம்பி. தூளிக் கயிற்றின் நுனி அவள் கால் கட்டைவிரலில். காலை ஆட்டிக்கொண்டே மடியில் நோட்டை வைத்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். படிக்கப் பிடிக்காத பிள்ளையா அது?

கைக்குழந்தைதான் காரணம் என்றால் பேசவேண்டியதும் அதைப் பற்றித்தான். இரண்டு வயது நிறைந்திருந்தால் அங்கன்வாடியில் விடலாம், நீங்களே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடுங்கள். அதற்கும் சின்னக் குழந்தை என்றால், பாட்டியோ பக்கத்து வீட்டுக்காரரோ பள்ளி நேரத்துக்கு மட்டும் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்க வேண்டும். இதை வாத்தியார் கேட்பதைவிட அதே தெருப் பெண் கேட்டால் எடுபடும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கையெழுத்து வாங்க மட்டும் அவர்களைக் கூப்பிடாமல் இதற்கும் கூப்பிடுங்கள். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தையும் அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

அந்த வீட்டில் அண்ணன் யாராவது இருந்தால், அவன் எத்தனை நாள் தூளி ஆட்ட லீவு போட்டான் என்றும் கேளுங்கள். சிரித்துக்கொண்டே கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

ஒருநாளும் லீவு போடாதவர்களுக்கு ஆண்டு விழாவில் பரிசு தரலாமா?
— ஒரு பள்ளி நிர்வாகி, நெல்லிக்குப்பம்

எனக்கு உடன்பாடில்லை. அம்மை போட்ட பிள்ளையும், கண்வலி வந்த பிள்ளையும் பரிசுக்காக வகுப்பில் வந்து உட்காரும். ஏற்கெனவே வருகிற பிள்ளைதான் பரிசும் வாங்கும். போன மாதம் ஆறு நாள் வராமல் இந்த மாதம் இரண்டே நாள் வராத பிள்ளையைக் கூப்பிட்டு, 'பரவாயில்லையே!' என்று தோளில் தட்டுங்கள். அதற்குச் செலவும் இல்லை.

மகன் புதுச்சேரி அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு, சி.பி.எஸ்.இ. டெங்கு வந்து மூன்று வாரம் போகவில்லை. தேர்வு எழுத விடுவார்களா?
— ஒரு அப்பா, லாஸ்பேட்டை

75 சதவீத வருகை வேண்டும் என்பது விதி. மூன்று வாரத்தால் மட்டும் அது கீழே போகாது. வேறு லீவுகளும் இருந்தால்தான் கவலை. லீவு கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாவற்றையும் நகல் எடுத்து இப்போதே பள்ளியில் கொடுத்துவிடுங்கள். வருகை குறைந்தால் விலக்கு கேட்க இவைதான் ஆதாரம். தேர்வு நெருங்கும்போது தேடினால் சீட்டு கிடைக்காது.

பையனுக்கு 13 வயது. எட்டாம் வகுப்பு பாதியில் துறைமுகத்துக்கு ஐஸ் தூக்கப் போய்விட்டான். இப்போது பள்ளிக்குப் போகிறேன் என்கிறான். பேரை அடித்திருப்பார்களா?
— ஒரு படகுத் தொழிலாளி, கடலூர் முதுநகர்

எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும், டி.சி. தாமதம் என்று திருப்பி அனுப்ப முடியாது. 14 வயதுக்குள் வேலைக்கு வைப்பதும் சட்டப்படி தவறு. அதை ஐஸ் கம்பெனிக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள், நீங்களும் கூடப் போங்கள். ஒரு நாள் கூலி போனால் போகட்டும்.

இதைப் படிக்கும் டீச்சர்களுக்கும் ஒன்று. இப்படித் திரும்பி வந்த ஒருவனை நான் வாசலிலேயே நிறுத்தி, 'வாங்க துரை, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?' என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். மறுநாள் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. அவனுக்குப் பின் திரும்பி வந்த யாரிடமும் நான் எதுவும் கேட்டதில்லை. 'அந்த சாக்பீஸ் டப்பாவை எடுத்துட்டு வா' என்பேன், அவ்வளவுதான்.