அர்ஜென்டினாவில் ஆளாமல் ஆண்ட பிரிட்டன்: கேள்வி பதில்

அர்ஜென்டினாவின் பொருளாதார வரலாற்றைப் பல வருடமாகப் படித்து வருகிறேன். பிரிட்டன் அங்கே ஆட்சி நடத்தாமலே எப்படிச் செல்வாக்கோடு இருந்தது என்று நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

சேலம் நண்பர்: சார், அர்ஜென்டினா ஸ்பெயினிடம் இருந்த நாடுதானே? பிரிட்டன் எங்கே வந்தது?

1806, 1807 என இரண்டு முறை படையோடு வந்து, புவெனஸ் அயர்ஸ் மக்களிடம் அடி வாங்கித் திரும்பியது. 1816இல் நாடு விடுதலை அறிவித்தது. அப்புறம் கடன் வந்தது. 1824இல் லண்டன் வங்கியான பேரிங் பிரதர்ஸ் மூலம் புவெனஸ் அயர்ஸ் மாகாணம் 10 லட்சம் பவுண்டு கடன் வாங்கியது. தள்ளுபடி, கமிஷன், முன்வட்டி எல்லாம் பிடித்தது போக மிச்சம்தான் கைக்கு வந்தது. அடைத்து முடிப்பதற்குள் இருபதாம் நூற்றாண்டு பிறந்துவிட்டது.

மதுரை நண்பர்: ரயில் போட்டுக் கொடுத்தது நல்லதுதானே அண்ணா?

நல்லதுதான் தம்பி. ஆனால் பழைய ரயில் வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். தடங்கள் விசிறி மாதிரி விரிந்து, பெரும்பாலும் துறைமுகத்தில்தான் வந்து சேரும். கோதுமையும் இறைச்சியும் வெளியே போகும், பிரிட்டிஷ் நிலக்கரி உள்ளே வரும். ரொசாரியோ-கோர்தோபா பாதை போட்ட கம்பெனிக்கு அரசு 7% லாபத்துக்கு உத்தரவாதம் தந்தது. தண்டவாளத்தின் இரு பக்கமும் நிலமும் கொடுத்தது. இந்திய ரயில் கம்பெனிகளுக்குக்கூட 5%தான்!

கோவை நண்பர்: கால்பந்தும் அவர்கள் கொண்டுபோனதா?

ஆமாம். 1893இல் அங்கே லீக் தொடங்கியவர் ஸ்காட்லாந்து ஆசிரியர் அலெக்ஸாண்டர் வாட்சன் ஹட்டன். ரொசாரியோ சென்ட்ரல், ரயில்வே ஊழியர்கள் ஆரம்பித்த கிளப். மெஸ்ஸி சிறுவனாக ஆடிய நியூவெல்ஸ் ஓல்ட் பாய்ஸ் பெயரில் இருப்பவரும் ஓர் ஆங்கிலேய ஆசிரியர்தான்.

நெல்லை நண்பர்: அந்த ஊர்க்காரர்கள் ஏன் இதற்கு ஒத்துக்கொண்டார்கள்?

பெரிய பண்ணையார்களுக்கு லாபம் வந்தது, அதனால்தான். விலை என்னவென்று 1933இல் தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, வணிகத்தில் தன் சாம்ராஜ்ய நாடுகளுக்கே முன்னுரிமை என்று பிரிட்டன் முடிவெடுத்தது. குளிரூட்டிய மாட்டிறைச்சியை வாங்க அர்ஜென்டினாவுக்கு வேறு பெரிய ஆளில்லை. துணை ஜனாதிபதி ஹூலியோ ரோக்கா லண்டன் போய் ஒப்பந்தம் போட்டார். இறைச்சி வாங்கும் அளவைக் குறைக்க மாட்டோம் என்று பிரிட்டன் வாக்குக் கொடுத்தது. பதிலுக்கு அந்த ஏற்றுமதியில் 85% வெளிநாட்டு நிறுவனங்கள் வசம் போனது. நிலக்கரிக்கும் வரி கிடையாது.

செனட்டர் லிசாந்த்ரோ தெ லா தொர்ரே இந்த இறைச்சி வணிகம் பற்றிய விசாரணையில் இறங்கினார். ஒரு பிரிட்டிஷ் இறைச்சி நிறுவனம் மறைத்த கணக்குகள், லண்டன் போகவிருந்த கப்பலில் 'கார்ன்டு பீஃப்' என்று எழுதிய பெட்டிகளுக்குள் அகப்பட்டன. 1935 ஜூலையில், விவாதம் நடக்கும்போதே, அவருடைய தோழர் என்சோ போர்தாபெஹெரே செனட் சபைக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். எத்தனை முறை படித்தாலும் மனசு ஆறுவதில்லை.

ஈரோடு நண்பர்: கடைசியில் எப்போது விடுபட்டார்கள்?

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் வாங்கிய இறைச்சிக்கான பணத்தில் பெரும்பகுதி லண்டனிலேயே முடங்கிக் கிடந்தது. இந்தச் சூழலில்தான் 1948இல் ஜனாதிபதி பெரோனின் அரசு 15 கோடி பவுண்டுக்கு பிரிட்டிஷ் கம்பெனிகளிடமிருந்து ரயில்வேயை வாங்கியது. ஆனாலும் ரயில்கள் இன்றும் பிரிட்டனில் போல இடப்பக்கம்தான் ஓடுகின்றன. புவெனஸ் அயர்ஸின் ரெத்தீரோ ரயில் நிலையத்தின் எதிரே, பிரிட்டிஷ் சமூகம் பரிசளித்த மணிக்கூண்டு நிற்கிறது. முன்பு அது 'ஆங்கிலேயர் கோபுரம்'. ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனோடு நடந்த 1982 போருக்குப் பிறகு அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள்.