தொடையில கட்டி, சலூன்ல படிகாரம்

கேள்வி: டாக்டர், பேரனுக்கு ஒன்றரை மாச ஊசி போட்டு மூணு வாரமாச்சு. இடது தொடையில சுண்டக்கா சைஸ்ல ஒரு கட்டி இன்னும் இருக்கு, தொட்டா அழறதில்ல. நர்ஸம்மா தானா கரைஞ்சிடும்ங்கறாங்க, சம்பந்தியம்மா மருந்தே கெட்டுப்போனதுங்கறாங்க. யார் சொல்றது சரி?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நர்ஸம்மா பக்கம்தாம்மா நான். இது பெரும்பாலும் மருந்தோட கூடவே போற அலுமினிய உப்பால வர்றது. சலூன்ல ஷேவ் பண்ணிட்டு தாடையில தேய்ப்பாங்களே படிகாரம், அதுக்கு பங்காளி முறை. 1926ல இங்கிலாந்துல அலெக்சாண்டர் கிளென்னினு ஒருத்தர் தொண்டை அடைப்பான் தடுப்பூசி மருந்துல படிகாரத்தையே கலந்தாரு, கலங்கல் தண்ணியில அழுக்கு திரண்டு அடியில உக்காருமே அந்த மாதிரி மருந்து அதுல ஒட்டித் திரண்டுச்சு, அத கினி பன்றிக்கு போட்டா வெறும் மருந்தவிட எதிர்ப்பு சக்தி நல்லா வந்துச்சு.

ஏன்னு கேட்டா, மருந்து அங்கயே தேங்கி கொஞ்சம் கொஞ்சமா கசியுதுன்னு எங்களுக்கு காலேஜ்ல சொல்லிக்கொடுத்தாங்க. 2012ல எலிக்கு ஊசி போட்டு ரெண்டு மணி நேரத்துல அந்த இடத்தையே வெட்டி எடுத்துட்டாங்க, அப்பவும் எதிர்ப்பு சக்தி குறையல! நூறு வருஷமா போட்டுட்டு இருக்கோம், இன்னும் முழுசா பிடிபடல பாருங்க. துகளா இருக்கறதால நம்ம உடம்புல கிருமிய எதிர்க்கற காவல் செல்லுங்க லபக்குனு முழுங்கி, நெறி கட்டுமே அந்த முடிச்சுக்கு தூக்கிட்டு ஓடுதுங்க, அதுல சந்தேகமில்ல.

இதையே பெருசா யோசிச்சு அமெரிக்காவுல பாஸ்டன்ல ஒரு வேலை பண்ணாங்க: தையல் பிரிக்க வேணாம்னு சொல்ற கரையுற நூல் இருக்குல்ல, அந்த பிளாஸ்டிக்குல நகம் அளவு ஸ்பாஞ்ச் செஞ்சு, உள்ள நோயாளியோட புற்றுக்கட்டி துணுக்கையே வெச்சு, 2013ல தோல் கேன்சர்காரங்களுக்கு தோலுக்கடியில வெச்சு சோதிக்க ஆரம்பிச்சாங்க. காவல் செல்லுங்கள அங்க வரவழைச்சு, இதான் எதிரினு காட்டி அனுப்புற வேலை.

சம்பந்தியம்மா சந்தேகத்துல ஒரு நியாயம் இருக்கு. இந்த ஊசி மருந்து உறைஞ்சா அந்த அலுமினிய உப்புத் துகள் கட்டி தட்டி வீணாயிடும், அதான் ஃப்ரீசர்ல வைக்காம 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள வெக்கறாங்க, சந்தேகம்னா குப்பிய குலுக்கி எவ்வளவு சீக்கிரம் அடியில படியுதுன்னு பாப்பாங்க. தொடையில இருக்கற கட்டிய வெச்சு அத கண்டுபிடிக்க முடியாது.

தேய்க்காதீங்க, எண்ணெய் போட்டு நீவாதீங்க. சில வாரம், சிலருக்கு மாசக்கணக்குல இருந்து கரையும். சிவந்து சூடா இருந்தாலோ, பெருசானாலோ, சீழ் வெச்சாலோ உடனே தூக்கிட்டு போய் காட்டுங்க. அடுத்த ஊசிய மட்டும் தள்ளிப் போடாதீங்கம்மா.