ஸ்பெயர் ரயர் தொங்கும் பழைய பஜிரோவில் இரண்டு மவுண்டன் பைக் ஏற்ற எந்த ராக் நல்லது?

கேட்டவர் வவுனியாக்காரர். தொண்ணூறுகளில் வந்த பஜிரோ வைத்திருக்கிறார், ஸ்பெயர் ரயர் பின்கதவில் இருக்கிறது. தம்பியும் தானுமாக இரண்டு மவுண்டன் பைக்கை ஏற்றிக்கொண்டு வவுனிக்குளம், இரணைமடு, முல்லைத்தீவுப் பக்கம் போய் ஓட ஆசையாம். கூரை ராக்கா, ஸ்பெயர் ரயரில் பூட்டுவதா, பின்னால் சேசிஸில் பூட்டுவதா என்பது கேள்வி.

நான் கிளிநொச்சி. என்னிடமும் அதே வயதுப் பஜிரோதான். மூன்றிலும் காசைக் கரைத்தவன் என்பதால் முடிவை முதலே சொல்கிறேன்: சேசிஸில், அதாவது வாகனத்தின் அடிச்சட்டத்தில், பூட்டுங்கள். ஏ9 காப்பெட் றோட்டில் எந்த ராக்கும் நல்ல பிள்ளைதான். மாங்குளத்தில் இறங்கித் துணுக்காய்ப் பக்கம் திரும்பி, உள்வழிக் கிரவலில் அரை மணி நேரம் ஓடிய பிறகுதான் அதன் குணம் தெரியும்.

நான் முதலில் வாங்கியது ஸ்பெயர் ரயரில் மாட்டும் ராக். ரிம்முக்குப் பின்னால் ஒரு தகட்டை வைத்து இறுக்கினால் அதிலிருந்து இரண்டு கை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பூட்ட கால் மணி நேரம் போதும், பார்க்கவும் வடிவு. நாலாவது பயணம் முடிந்து வீட்டு வாசலில் பின்கதவைத் திறந்தேன். திறந்த கதவு மூடவில்லை. அடியில் கையைக் கொடுத்துத் தூக்கித்தான் மூடவேண்டியிருந்தது. பிணைச்சல் இறங்கிவிட்டது.

கராஜில் இருந்த அண்ணை குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, இது திறந்து பூட்டச் செய்த கதவு. மூட்டை சுமக்கச் செய்ததில்லை."

கணக்குப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. ரயரும் ரிம்மும் மட்டுமே 25, 30 கிலோ வரும். அந்தப் பாரத்தை அந்தக் கதவு ஏற்கெனவே வருடக்கணக்காகச் சுமந்துகொண்டிருக்கிறது. அதன் மேல் தலா 14 கிலோவாக இரண்டு பைக், ராக்கின் பாரம் வேறு. அதுவும் கதவோடு ஒட்டி நிற்காமல் அரை மீற்றர் தள்ளித் தொங்குகிறது. கிடங்கில் விழுந்தெழும் ஒவ்வொரு தரமும் அந்தப் பாரம் இரண்டு மூன்று மடங்காகிப் பிணைச்சலைப் பிடித்து இழுக்கும். ஒரேயொரு பாரம் குறைந்த சைக்கிள், பெரும்பாலும் தார் றோட்டு என்றால் இந்த வகை போதும். உங்களுக்குச் சரிவராது.

அடுத்தது கூரை. புழுதி குறைவு, பின்கதவு தாராளமாகத் திறக்கும், இலக்கத் தகடும் மறையாது. யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் இடையில் மட்டும் ஓடுபவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் பஜிரோவின் உயரத்தோடு நிமிர்ந்து நிற்கும் சைக்கிளையும் சேர்த்தால் மூன்று மீற்றர் வந்துவிடும். முத்தையன்கட்டுப் பக்கக் காட்டு வழியில் பாலை மரக் கிளை ஒன்று ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டது. நான் மெதுவாகத்தான் போனேன். ஆனாலும் வாகனம் முன்னே போக, சைக்கிள் பின்னே நிற்க, கூரைச் சட்டம் வளைந்துவிட்டது. இன்னொன்று, கூரையில் இத்தனை கிலோ ஏற்றலாம் என்று போட்டிருப்பது தார் றோட்டுக் கணக்கு. கரடுமுரடான வழிக்கு அதை ஒன்றரையால் வகுக்கச் சொல்லும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். 75 கிலோ என்று இருந்தால் 50 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி சேசிஸ். பஜிரோவில் 1991க்கும் 1999க்கும் இடையில் வந்த இரண்டாம் தலைமுறைக்கு ஏணி மாதிரித் தனிச் சேசிஸ் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்ததில் உடலும் சேசிஸும் ஒன்றாகிவிட்டன, அதற்குக் கணக்கே வேறு. உங்களுடையது பழையது என்றால் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட்டு, சதுரக் குழாய் வாய் ஒன்றைப் பொருத்தலாம். வெளிநாட்டு ராக்குகளில் பெரும்பாலானவை இரண்டு அங்குலச் சதுர வாய்க்குள் போகிறவை, பூட்டும் பின் 5/8 அங்குலம். எங்கள் ஊரில் பலருடைய வாகனங்களில் இருப்பது ட்ரெயிலர் கொழுவும் வெறும் இழுவைக் குண்டுதான். அதற்கு மேல் இறுக்கும் ராக்கும் உண்டு, ஆனால் கிரவலில் அது குண்டைச் சுற்றித் திரும்பப் பார்க்கும். எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

வெல்டிங் கடையில் செய்விப்பதென்றால் இரும்பில் கஞ்சத்தனம் வேண்டாம். கேற்றுக்குப் போடும் மெல்லிய பொக்ஸ் பாரைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். வாய்க்கு வெளியளவு இரண்டரை அங்குலம், தடிப்பு கால் அங்குலம் இருக்கவேண்டும். அப்போதுதான் உள்ளளவு சரியாக இரண்டு வரும். சேசிஸிலேயே நேராக வெல்டிங் பிடிக்க விடாதீர்கள், சூட்டில் அந்த இடம் பலவீனமாகும். போல்ட்தான், அதுவும் நைலோன் வளையம் உள்ள நட்டோடு. உள்ளே போகும் குழாய்க்கும் வாய்க்கும் இடையில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் கிரவலில் தகரப் பேணிக்குள் கல் போட்ட சத்தம் கேட்கும். பக்கவாட்டில் ஒரு போல்ட் வைத்து இறுக்கினால் நிற்கும்.

உங்களுக்கு இதில் ஒரு சிக்கல் வரும். ஸ்பெயர் ரயர் வெளியே துருத்திக்கொண்டு நிற்பதால் ராக்கையும் அதைத் தாண்டி வெளியே தள்ளவேண்டும். தள்ளத் தள்ள இழுவை கூடும், பின்பக்கம் தரையிலும் உரசும். குளக்கட்டில் ஏறி இறங்கும்போது பாருங்கள், தெரியும். நான் கடைசியில் ரயரைக் கதவிலிருந்து கழற்றிக் கூரையில் படுக்க வைத்துவிட்டேன். படுத்திருக்கும் ரயரில் எந்தக் கிளையும் கொழுவாது, பிணைச்சலுக்கும் ஓய்வு. பஜிரோவின் கதவு பக்கவாட்டில் திறப்பதால், சைக்கிளோடு சாயும் ராக் உங்களுக்கு உதவாது. ஒரு பக்கம் முழுதாக விலகும் ராக் விலை கூட. நான் அதை வாங்கவில்லை. தண்ணீர், சாப்பாடு எல்லாவற்றையும் பின் சீற்றில் வைத்துக்கொள்கிறேன்.

சைக்கிளை எங்கே பிடிக்கிறது என்பதையும் பாருங்கள். மேல் குழாயில் தொங்கவிடும் வகை லுமாலா போன்ற சாதாரண சைக்கிளுக்குச் சரி. பின் சஸ்பென்ஷன் உள்ள பைக்கில் அந்தக் குழாய் வளைந்து கிடக்கும். கார்பன் சட்டம் என்றால் அதில் கிடுக்கி போடவே கூடாது. சில்லைப் பிடித்துத் தட்டில் நிறுத்தும் வகை நல்லது. அதிலும் 29 அங்குலச் சில்லுள்ள பெரிய பைக் 185 சென்டிமீற்றருக்குக் குறையாது, பஜிரோவின் அகலத்தை விடக் கூட. சில்லு இரு பக்கமும் எட்டிப் பார்க்கும். பழைய வட்டுவாகல் பாலத்திலும் முட்பற்றை நெருங்கிய காட்டு வழியிலும் அதை மறந்துவிடாதீர்கள். முன்சில்லை மேலே மாட்டிச் செங்குத்தாகத் தொங்கவிடும் ராக் இந்தத் தொல்லை இல்லாதது, தரையிலும் உரசாது. அதில் கொண்டுபோனால் இறக்கியதும் ஹைட்ரோலிக் பிரேக்கை நாலைந்து தரம் அழுத்திப் பார்த்துவிட்டு ஓடுங்கள்.

எந்த ராக் என்றாலும் மேலதிகமாக ரியூப் வாரால், அதாவது பழைய சைக்கிள் ரியூபைக் கீறி எடுத்த வாரால், ஒரு கட்டுப் போடுவேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் சைக்கிள்தான் லொறி. விறகும் நெல் மூட்டையும் கரியரில் அசையாமல் வந்தது ரியூப் வாரில்தான். கம்பனி பெல்ட் கிரவலில் தளரும். ரியூப் இழுபட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்ப இறுகும்.

புறப்பட்டு ஓமந்தையில் ஒரு தரம் நிறுத்தி எல்லா நட்டையும் கையால் ஆட்டிப் பாருங்கள். இரண்டாம் தரம் முறிகண்டிப் பிள்ளையாரடியில். எப்படியும் தேங்காய் உடைக்கவும் கச்சான் வாங்கவும் நிற்கத்தானே போகிறீர்கள். புகைக்குழாய்க்கு நேரே சில்லு நிற்கிறதா என்றும் பாருங்கள், சூட்டில் ரயர் கெட்டுவிடும். இலக்கத் தகடும் பின் லைட்டும் மறைந்தால் பொலிஸ் மறிக்கும். ஓடும் வாகனத்தின் பின்னால் புழுதி சுழன்று வந்து அப்பும், அதனால் செயினையும் முன் ஃபோர்க்கையும் துணியால் சுற்றுங்கள். ஓடும்போது மிதிவெடிப் பலகை கண்ட பக்கம் இறங்கவேண்டாம். மாடு நடந்த வழி என்று நம்பியும் போகாதீர்கள்.

அளவெடுக்கக் கடைக்குப் போகும்போது இரண்டு சைக்கிளையும் கூடவே கொண்டுபோங்கள். நான் கொண்டுபோகவில்லை. என் ராக்கில் உள்பக்கச் சைக்கிளின் இடது பெடல் இன்றைக்கும் பின் பம்பரில் முட்டுகிறது. ஒவ்வொரு தரமும் அதைக் கழற்றித்தான் ஏற்றுகிறேன். இடது பெடலுக்குப் புரி எதிர்ப்பக்கம் என்பதை மறந்து முதல் நாள் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருந்தேன்.