எட்டு அணைக்கட்டு, எட்டுப் பகுதி

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் மூவர் சேர்ந்து ‘நெல்லை பேச்சு’ என்று ஒரு பாட்காஸ்ட் தொடங்கப் போகிறோம். சினிமா, சாப்பாடு, வரலாறு, அரசியல் எல்லாம் பேசுவோம். இதுபோல ஏற்கெனவே நிறைய வருகின்றன. தனித்துத் தெரிய என்ன செய்யலாம்? எந்த மைக் வாங்கலாம்?

செ., பாளையங்கோட்டை

அன்புள்ள செ.,

எல்லாம் பேசுவோம் என்பதுதான் சிக்கல். சினிமாவும் அரசியலும் பேசச் சென்னையில் ஸ்டூடியோவோடு ஆளிருக்கிறது. அல்வாவைப் பற்றியும் பேசித் தீர்த்துவிட்டார்கள்.

உங்கள் ஊர் ஆற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். அணைக்கட்டுக்கு ஒரு பகுதி, 25 நிமிடம். அதோடு முதல் சீசன் முடிந்துவிடும். கார் பருவ நெல்லுக்குத் தண்ணீர் எப்போது திறந்தார்கள், பிசானப் பருவ நெல் கடைமடை வரை விளைந்ததா என்று அங்கங்கே வயல்காரர்களிடம் கேளுங்கள். அந்தக் குரல்கள் சென்னை ஸ்டூடியோவுக்கு வராது. பெயரில் ‘தாமிரபரணி’ இருக்கட்டும், ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் ஊர்ப்பெயர் வரட்டும். தேடுபவர்கள் அதைத்தான் தட்டுவார்கள்.

ஃபேன் ஓடும் சிமெண்ட் அறையில் கண்டென்சர் மைக் வேண்டாம், எதிரொலியையும் சேர்த்துப் பிடிக்கும். டைனமிக் மைக்கை வாய்க்கு நான்கு விரல் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் ‘ப’ வெடிக்காது.

அணைக்கட்டில்தான் பலரும் கோட்டை விடுவார்கள். விழும் தண்ணீருக்குப் பக்கத்தில் பேட்டி எடுத்தால் இரைச்சல் குரலோடு கலந்துவிடும். பிறகு இரைச்சலைக் குறைக்க எடிட்டிங்கில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் தகரத்துக்குள் பேசுவது போலாகும். பேட்டியைத் தள்ளிப்போய் மரத்தடியில் எடுங்கள், மைக்குக்குக் காற்றைத் தடுக்கும் ரோம உறை போட்டு. தண்ணீர்ச் சத்தத்தைத் தனியாக இரண்டு நிமிடம் பதிந்து, குரலுக்கு 20 டெசிபல் கீழே சேருங்கள். பேட்டி எடுத்த இடத்தில் யாரும் பேசாமல் அரை நிமிடம் பதிவதும் அவசியம். வெட்டி ஒட்டும் இடங்களில் அதைப் போட்டால்தான் பின்னணி குதிக்காது.

மைக்கைக் கண்டதும் நம் ஆட்கள் வானொலித் தமிழுக்கு மாறிவிடுவார்கள். அனுமதி வாங்கி ரெக்கார்டரை ஓடவிட்டு, ஐந்து நிமிடம் மழை, மாடு, பேரப்பிள்ளை என்று பேசுங்கள். நெல்லைப் பேச்சின் ‘என்னவே’ தானாக வரும். அதை வெட்டிவிடாதீர்கள்.

தொடக்கத்தில் இசையும் ‘வணக்கம் நேயர்களே’யும் ஒரு நிமிடம் ஓடினால் கேட்பவர் போய்விடுவார். பேட்டியின் சூடான 20 விநாடியை முதலில் வையுங்கள். முடிவில் ஒலி அளவு ஸ்டீரியோவில் −16, மோனோவில் −19 எல்யூஎஃப்எஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் சராசரி ஒலி அளவின் அலகு) இருக்கட்டும். அம்பாசமுத்திரம் பஸ்ஸில் உட்கார்ந்து மலிவான இயர்போனில் ஒருமுறை கேளுங்கள். விளங்காத இடங்களை மறுபடி எடிட் செய்ய வேண்டியிருக்கும்.

மூன்று பகுதி முடித்துக் கையில் வைத்துக்கொண்டு முதலாவதை வெளியிடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒன்று போதும்.