நெதர்லாந்து வரித்துறை இந்தியக் கணக்கைக் கேட்டால்: விவரம் கொடுங்கள், காரணம் எழுதாதீர்கள்

கேள்வி (சுருக்கம்): ஐண்ட்ஹோவனில் 2018 ஜனவரி முதல் மென்பொருள் வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் ஊழியருக்குச் சம்பளத்தில் 30 சதவீதம் வரை வரியில்லாமல் தரும் '30 சதவீதச் சலுகை' 2022 டிசம்பரில் முடிந்தது. "இந்தியாவில் இருப்பதைக் காட்டத் தேவையில்லை" என்று சொன்ன ஆலோசகர்தான் கடைசிவரை என் வரித்தாக்கலைச் செய்தார். சென்னையில் 60 லட்சம் எஃப்.டி., 70 லட்சம் மியூச்சுவல் ஃபண்ட், மேடவாக்கத்தில் ஒரு ஃப்ளாட். இங்கே வங்கியில் 30,000 யூரோ. 2023, 2024-க்கு இந்தியக் கணக்கு விவரம் கேட்டு இப்போது வரித்துறையின் நீலக் கவர் வந்திருக்கிறது. ஆலோசகர் போனை எடுப்பதில்லை. எஃப்.டி.யைத் தன் பெயருக்கு மாற்றிவிடச் சொல்கிறார் அப்பா. நானும் மனைவியும் தூங்கியே நாளாகிறது. ஆங்கிலம் பேசும் வரி வழக்கறிஞர் எங்கே கிடைப்பார்? ஆலோசகர் மேல் வழக்குப் போடலாமா?

பதில்: நீளமான கடிதம். ஆலோசகர் ஏமாற்றியது, ஹெச்.ஆர். கைவிட்டது, நண்பர்கள் தவறான யோசனை சொன்னது எல்லாவற்றையும் படித்தேன். வரி விஷயத்தில் இவற்றால் ஒரு பயனும் இல்லை. சலுகைக் காலத்தில் பகுதி வெளிநாட்டவர் அந்தஸ்து இருந்ததால் உங்கள் இந்தியச் சேமிப்பு பாக்ஸ் 3-இல் (சேமிப்பு, முதலீட்டுக்கான வரிப் பிரிவு) வரவில்லை. சலுகை முடிந்த மறுநாள், 2023 ஜனவரி 1 அன்று, அது வந்துவிட்டது. வரி கட்டித்தான் ஆக வேண்டும்.

மிச்சமிருப்பது அபராதம் மட்டும். அதற்கு ஒரே கேள்விதான்: எஃப்.டி., ஃபண்ட் இருப்பதை ஆலோசகருக்கு எழுத்தில் சொன்னீர்களா? தகுதியானவர் என்று நியாயமாக நம்பி ஒருவரை அமர்த்தி, விவரத்தை மறைக்காமல் கொடுத்திருந்தால், அவர் செய்த தவறை உங்கள் உள்நோக்கமாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டது. ஆகவே பழைய மின்னஞ்சல்கள், வாட்ஸப், அவர் அனுப்பிய கேள்விப் படிவம் எல்லாவற்றையும் இன்றே தேடுங்கள். "வெளிநாட்டுச் சொத்து உண்டா?" என்ற இடத்தில் நீங்கள் "ஆம்" என்று எழுதியிருந்தால் உங்கள் நிலை பலமானது. "இல்லை" என்று டிக் செய்திருந்தால் அந்தக் காகிதம் உங்களுக்கு எதிராகத்தான் பேசும்.

இனி, என் கட்சிக்காரர்கள் விழுந்த குழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, மனம் திறந்து எழுதும் பதில். ஆங்கிலத்தில் நல்ல நடை இருப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். "எல்லோரும் காட்ட வேண்டாம் என்றார்கள், இந்தியக் கணக்கு இங்கே தெரியாது என்று நினைத்தேன்" என்று ஒருவர் எழுதிவிடுவார். அவர் மனதில் அது மன்னிப்புக் கடிதம். அதிகாரி அதை வேண்டுமென்றே மறைத்ததற்கான ஒப்புதலாகப் படிப்பார். பாக்ஸ் 3-இல் அபராதத்தின் உச்சவரம்பு தவிர்த்த வரியில் 300 சதவீதம். கணக்கு எண், வங்கி, ஜனவரி 1 இருப்பு (பாக்ஸ் 3 கணக்கு இதை வைத்துத்தான்) ஆகிய தகவல்களைத் தர சட்டப்படி நீங்கள் கடமைப்பட்டவர். ஏன் காட்டவில்லை என்பது அபராதம் சார்ந்த கேள்வி, அதில் மௌனமாக இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. விவரத்தை முழுசாகக் கொடுங்கள், காரணத்தை எழுதாதீர்கள். போனில் விளக்கவும் வேண்டாம்.

கடிதத்தையே கண்டுகொள்ளாமல் விடுவது அடுத்த குழி. தகவல் தர மறுத்தால் வரித்துறை முறையான உத்தரவு போடும். அது உறுதியாகிவிட்டால், அவர்கள் போட்ட கணக்கு தவறு என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் ஏறும். வெளிநாட்டுச் சொத்து என்பதால் 12 வருடம் வரை பின்னோக்கிப் போய்க் கேட்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

அப்பா சொல்வதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அவர் உங்களைக் காப்பாற்ற நினைக்கிறார், புரிகிறது. ஆனால் இந்திய வங்கிகளிலிருந்து கணக்கு விவரம் 2017 முதல் தானாகவே இங்கே வருகிறது. கடந்துபோன ஜனவரி 1 இருப்பை யாராலும் மாற்ற முடியாது. இப்போது மாற்றினால், கடிதம் வந்தபின் சொத்தை ஒளித்தார் என்ற தோற்றம்தான் வரும். அதோடு, நெதர்லாந்தில் குடியிருப்பவர் பெற்றோருக்குக் கொடுக்கும் பெரிய தொகைக்கு இங்கே அன்பளிப்பு வரியும் உண்டு.

இன்னொன்றும் பாருங்கள். அப்பாவின் பென்ஷன் கணக்கில் நீங்கள் இரண்டாவது பெயராக இருந்தால், அந்த முழுத் தொகையும் உங்கள் பெயரிலும் இங்கே பதிவாகியிருக்கும். பென்ஷன் வரவு தெரியும் பாஸ்புக் பக்கங்களை இணைத்து, அது அவர் பணம் என்று முதல் பதிலிலேயே காட்டிவிடுங்கள். அப்புறம் சொன்னால் ஜோடித்த கதை மாதிரி இருக்கும்.

சரி, எவ்வளவு வரும்? அந்த ஆண்டுகளில் யூரோ சுமார் 90 ரூபாய், மனைவியையும் சேர்த்து வரி விலக்கு வரம்பு 1,14,000 யூரோ என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். 2024-இல் வங்கி இருப்புக்கு 1.44 சதவீதமும் ஃபண்டுக்கு 6.04 சதவீதமும் வருமானம் வந்ததாகக் கருதி, அதன்மேல் 36 சதவீத வரி. ஃப்ளாட் இல்லாமல் 2023, 2024 இரண்டுக்கும் சேர்த்து சுமார் 1,400 யூரோ, வட்டி தனி. ஃப்ளாட்டுக்கு இந்தியாவுடனான ஒப்பந்தப்படி இரட்டை வரி விலக்கு உண்டு. ஆனால் சொத்தாகக் காட்டி, விலக்கையும் தனியாகக் கேட்க வேண்டும். அதையும் சேர்த்தால் விலக்கு வரம்பின் ஒரு பங்கு ஃப்ளாட்டுக்குப் போய்விடுவதால் மொத்தம் இரண்டாயிரம் யூரோவைத் தாண்டலாம். நீங்கள் தூக்கத்தைத் தொலைத்தது இந்தத் தொகைக்காகத்தான்.

"உண்மையான வருமானத்தைக் காட்டினால் குறையும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2024-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அந்த வழி இருக்கிறது, ஆனால் அதில் விலக்கு வரம்பு கிடையாது. 7 சதவீத வட்டி என்றால் உங்கள் எஃப்.டி. மட்டுமே வருடத்துக்குச் சுமார் 4,700 யூரோ தரும். ஃபண்டின் விற்காத ஏற்றமும் கணக்கில் சேரும். உங்களுக்கு அது நஷ்டம்.

வழக்கறிஞர் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே வரித் தொழிலில் இருப்பவர்களில் ஆங்கிலம் பேசாதவர் அபூர்வம், அதைத் தேடி அலையாதீர்கள். வரித்துறைக்குப் போகும் காகிதம் டச்சில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஆட்சேபம் போட்டால் மொழிபெயர்ப்புக் கேட்கலாம். 'வரி ஆலோசகர்' என்ற பலகையை இங்கே யார் வேண்டுமானாலும் மாட்டலாம், சட்டத் தடை இல்லை. ஆகவே என்.ஓ.பி. அல்லது ஆர்.பி. என்ற வரி ஆலோசகர் சங்கங்களில் உறுப்பினரா என்று பாருங்கள். வழக்கறிஞர் என்றால் வழக்கறிஞர் சங்கப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். உங்களுக்கு நான் சொல்வது வரி தெரிந்த வழக்கறிஞரை. அவரிடம் நீங்கள் சொல்வதற்குச் சட்டப்படியான ரகசியப் பாதுகாப்பு உண்டு, ஆலோசகரிடம் அந்த அளவுக்குக் கிடையாது. அபராதம் பேச்சில் இருக்கும்போது இந்த வித்தியாசம் பெரிது.

ஆனால் அவரை நீதிமன்றம் வரை கூட்டிப்போகாதீர்கள். மணிக்குச் சில நூறு யூரோ வாங்குபவரை வைத்து இரண்டாயிரம் யூரோவுக்கு ப்ரேடா நீதிமன்றத்தில் நிற்பது வீண். சில மணி நேர வேலைக்கு மட்டும் அமர்த்தி, சமரசம் பேசச் சொல்லுங்கள்: வரியும் வட்டியும் முழுசாகக் கட்டுகிறேன், ஆட்சேபம் போடமாட்டேன், அபராதத்தை விடுங்கள் அல்லது குறைந்த படியில் வையுங்கள். ஒப்பந்தத்தில் எந்த ஆண்டுகள், எந்தச் சொத்துகள் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். பி.பி.எஃப்., டீமேட், பழைய சம்பளக் கணக்கு எதையும் விட்டுவிடாதீர்கள். பிறகு ஒன்று வெளிப்பட்டால் ஒப்பந்தமே ஆட்டம் காணும்.

ஆலோசகர் மேல் வழக்கு வேண்டாம். வரி எப்படியும் உங்கள் கடன். முக்கியமாக அபராதத்தைத்தான் நஷ்டமாகக் கேட்க முடியும். நீங்கள் விவரம் கொடுத்த மின்னஞ்சல் கிடைத்தால் அபராதம் விழுவதே கடினம், கேட்கப் பெரிய நஷ்டம் இருக்காது. கிடைக்காவிட்டால் அவர் தவறை நிரூபிக்க கையில் ஒன்றும் இல்லை. அவர் சங்க உறுப்பினராக இருந்தால் ஒரு புகார் எழுதிவிட்டு விடுங்கள்.

கடிதத்தில் போட்டிருக்கும் கெடு தேதிக்குள், அவகாசம் கேட்டு மட்டும் இரண்டு வரி அனுப்புங்கள். அதில் வேறு எதுவும் எழுத வேண்டாம்.