மாமனார் பேரும் வேண்டும், ஆதவ் என்றும் கூப்பிட வேண்டும்: எது நிலைக்கும்?

கேள்வி இதுதான்: பிறந்து இரண்டு மாதமான ஆண் குழந்தை. மாமனார் பேர் சுப்பிரமணியன், அதைத்தான் வைக்க வேண்டும் என்று புகுந்த வீட்டில் சொல்கிறார்கள். கூப்பிடுவதற்கு ஆதவ் என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். கடைசியில் எது நிலைக்கும், அதை நாமே தீர்மானிக்க முடியுமா?

நேரடியாகவே சொல்கிறேன். சான்றிதழில் என்ன எழுதுவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. கூப்பிடு பேர் உங்கள் கையில் இல்லை, பிள்ளையை நாள் முழுக்கத் தூக்கி வைத்திருக்கிறவர்கள் வாயில் இருக்கிறது. முதல் இரண்டு வருஷம் பிள்ளை யார் இடுப்பில் வளர்கிறதோ, அவர்கள் எதைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களோ, அதுதான் ஒட்டும். நான் பாளையங்கோட்டைக்காரி. எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு அத்தை நான் ஒருத்திதான் என்பதால் தொட்டில் போடுகிற அன்றைக்குக் காதில் மூன்று தடவை பேர் சொல்வது எப்போதும் நான்தான். அண்ணன் தம்பி பிள்ளைகள் எல்லாருடைய பேரையும் அவரவர் காதில் முதலில் சொன்னவள் என்பதால், அப்புறம் அந்தப் பேர்கள் என்ன ஆயின என்பதைக் கூர்ந்து கவனித்திருக்கிறேன்.

முதலில் தாத்தா பேர் விஷயம். திருநெல்வேலிப் பக்கம் மூத்த பேரனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பேரை வைப்பது இன்றும் பல வீடுகளில் நடக்கிறது, நல்ல வழக்கம்தான். ஆனால் வைத்த பேரை யார் சொல்லிக் கூப்பிடுவது? ஆச்சி புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டாள். மருமகளுக்கும் கூச்சம். "ஏலே சுப்பிரமணியா, வாயில என்னத்தலே போட்ட" என்று மாமியார் காதுபட அவள் சத்தம் போட முடியுமா? எங்கள் அப்பா பேர் கோமதிநாயகம். அதைத்தான் மூத்த அண்ணன் மகனுக்கு வைத்தோம். அம்மா தார்சாவில் (வீட்டு முன்கூடத்தில்) காலை நீட்டி உட்கார்ந்து, முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டே, தவழ்ந்து வாசல்படிக்குப் போகிறவனை "எய்யா, எய்யா, இங்க வாய்யா" என்பாள். மதினி (அண்ணன் மனைவி) "ராசா" என்பாள். அண்ணன் மட்டும் கொஞ்ச நாள் "நாயகம், நாயகம்" என்று கூப்பிட்டுப் பார்த்தான், பிள்ளை திரும்பியே பார்க்காது. "எய்யா" என்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் திரும்பும். இப்போது காலேஜ் படிக்கிறான், கூட்டாளிகளுக்குக் கோமதி, வீட்டில் எல்லாருக்கும் எய்யாதான்.

(கோமதி என்றால் வெளியூர்க்காரர்கள் பெண் பேர் என்று நினைப்பார்கள். சங்கரன்கோவில் அம்மன் கோமதி, அதனால் எங்கள் பக்கம் கோமதிநாயகம், கோமதிசங்கர் எல்லாம் ஆம்பிளைகள், அவர்களில் பாதிப் பேருக்குக் கூப்பிடு பேர் கோமதிதான். அதேபோல நெல்லையப்பர் கோவில் காந்திமதியம்மன் பேரில் காந்திமதிநாதன்கள், அவர்கள் தெருவில் காந்தி ஆகிவிடுவார்கள்.)

அடுத்து, மூத்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் இரண்டாவதின் பேரை அது வைத்துவிடும், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அக்காக்காரி "தம்பி" என்பாள், அதையே அப்பா சொல்வார், அம்மா சொல்வாள், பால்காரர் சொல்வார். பிறகு அவனுக்குக் கீழே பிள்ளைகள் வரும்போது அவன் "தம்பி அண்ணன்" ஆவான், அடுத்த தலைமுறைக்குத் "தம்பி மாமா". எங்கள் தெருவிலேயே எழுபது தாண்டிய ஒரு பாப்பா ஆச்சி இருக்கிறார், அவர் சான்றிதழ்ப் பேர் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. உங்களுடையது முதல் பிள்ளை போலிருக்கிறது, அதனால் இந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

இனி ஆதவ். பேர் நல்ல பேர்தான், ஆனால் தெருமுனையில் விளையாடுகிறவனை வீட்டு வாசலில் நின்று கூப்பிட முடிகிறதா என்று பாருங்கள். தமிழில் கூப்பிடுவது என்றால் கடைசி எழுத்தை இழுப்பது. முருகன் முருகா ஆவதும், இசக்கி இசக்கீ ஆவதும் அதனால்தான். தொல்காப்பியத்தில் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று இதற்கென்றே ஒரு இயல் இருக்கிறது. 'வ்' என்று முடிகிற பேரை இழுக்க முடியாது, ஆச்சி அதை முதல் வாரம் ஆதவு என்பாள், அடுத்த மாதம் ஆதவா என்பாள். அப்படியானால் நீங்களே ஆதவன் என்று வைத்துவிடுங்களேன், ஆதவா என்று வாய் நிறையக் கூப்பிடலாம், உங்களுக்குப் பிடித்த பேரும் கெடாமல் நிற்கும். 'ஹ', 'ஷ' வருகிற பேர்களும் இப்படித்தான், ஹர்ஷித் எங்கள் பக்கத்து ஆச்சிமார் வாயில் அர்சித்து.

சுப்பிரமணியன் என்ற பேரைப் பற்றிப் பயப்படவே வேண்டாம், அந்த அளவு வளைந்து கொடுக்கிற பேர் வேறு இல்லை. சுப்பு, மணி, சுப்பையா, எது வேண்டுமானாலும் ஆகும். 1882இல் அன்றைய திருநெல்வேலிச் சீமையில் எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணியனுக்கு வீட்டில் சுப்பையா என்றுதான் பேர். பதினோரு வயதில் எட்டயபுரம் சபையில் பாரதி என்று பட்டம் கொடுத்தார்கள், இன்று நாம் எல்லாரும் சொல்வது அதைத்தான். பெற்றவர்கள் வைத்தது, வீட்டார் கூப்பிட்டது, ஊர் கொடுத்தது என்று மூன்றும் ஒரே ஆளுக்கு இருந்தது, ஒன்றுக்கொன்று இடைஞ்சலாக இல்லை.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். நிறத்தையும் உடம்பையும் வைத்து யாராவது கருப்பா, குண்டா என்று ஆரம்பித்தால் முதல் நாளே நிறுத்துங்கள், சொந்தக்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. முன்னால் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளில் கண்படக் கூடாது என்று பிச்சை என்றும், மூக்குக் குத்தி மூக்காண்டி என்றும் வைத்தார்கள். அது பிள்ளை தக்க வேண்டும் என்ற தவிப்பு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அடுத்தது ஆணாகப் பிறக்கட்டும் என்று பெண் பிள்ளைக்குப் போதும்பொண்ணு என்று வைத்தார்களே, அந்தப் பேரோடு பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று ஆஜர் சொன்ன பெண்களை எனக்குத் தெரியும். விளையாட்டுக்குச் சொல்கிற பேரும் அதே மாதிரி ஆயுசுக்கும் நிற்கும்.

சான்றிதழ் விஷயத்தில் அவசரமே வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதற்குப் பேர் தேவையில்லை. பதிந்த நாளிலிருந்து 12 மாதம் வரை பேரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரை சேர்க்கலாம். ஆக, உங்களுக்கு இன்னும் பல மாதம் இருக்கிறது, இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டே எழுதலாம். எழுதும்போது மட்டும் கவனம்: 2023 அக்டோபர் 1ஆம் தேதியிலிருந்து பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். இங்கிலீஷ் எழுத்தை ஒரு தடவை முடிவு செய்துவிட்டு ஆதாரிலும் அதையே கொடுங்கள். எங்கள் பக்கம் இசக்கியை 'I' போட்டும் எழுதுகிறார்கள், 'E' போட்டும் எழுதுகிறார்கள், ஒரே ஆளுக்கு இரண்டும் இருந்தால் அலைச்சல்தான். இரட்டைப் பேராக இருந்தால் இடைவெளி விடாமல் சேர்த்து எழுதுங்கள்.

சரி, உங்கள் வீட்டுக்கு என்ன செய்யலாம்? நீங்கள் இருவர் மட்டும் சென்னையிலோ பெங்களூரிலோ வைத்து வளர்ப்பதாக இருந்தால், நீங்கள் கூப்பிடுகிற ஆதவன் நிலைக்கும், சான்றிதழில் சுப்பிரமணியன் நிம்மதியாக இருக்கட்டும். மாமியார் ஒரு வருஷம் வந்து பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்றால், அவர்கள் சுப்பிரமணியன் என்று சொல்ல மாட்டார்கள், ஆதவன் என்பது அவர்கள் தேர்ந்தெடுத்ததும் இல்லை, ஐயா அல்லது ராசாவில் போய் முடியும். அதனால் அவர்களிடமே கேளுங்கள்: "அத்தை, மாமா பேரை நீங்க சொல்ல மாட்டீங்க, பிள்ளையை என்னன்னு கூப்பிடப் போறீங்க?" அவர்கள் சொல்கிற பேர் உங்களுக்கும் பிடித்திருந்தால் அன்றைக்கே எல்லாரும் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லை என்றால் பிள்ளை பேருக்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பிக்கிற ஐந்தாறு மாதத்துக்குள் பேசிவிடுங்கள்.