பதற்ற நோய் இருப்பதைச் சொன்னால் என்னை யார் கல்யாணம் செய்வார்கள்? எனக்கு விசுவாசம் குறைவா?

27 வயது, ஒரு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன், சபையில் விசுவாசக் குறைவு என்கிறார்கள், வீட்டில் வரன் பார்க்கிறார்கள், அம்மா மறைத்துவிடச் சொல்கிறார் என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள்.

மறைக்காதீர்கள், தங்கச்சி. மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிட்டு என் கதைக்கு வருகிறேன்.

எனக்கு ஊர் பாளையங்கோட்டை. சண்டே ஸ்கூல், வாலிபர் கூட்டம், கொயர் என்று கோயிலுக்குள்ளேயே வளர்ந்தவள். 2015இல், 26 வயதில், திருவிருந்து வாங்கப் பீடத்துக் கிராதி முன்னால் முழங்காலில் இருந்தபோதுதான் இந்தப் பதற்றம் முதல் தடவை வந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. பக்கத்தில் இருந்த அக்காவுக்குப் போதகர் ஐயா அப்பம் கொடுத்துக்கொண்டிருக்கிறார், அடுத்தது நான். இந்த நிமிஷம் செத்துப்போகப்போகிறேன் என்று தோன்றியது. எழுந்து நடுப்பாதை வழியாக வாசலுக்கு ஓடினேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதத்தில் நான்கு தடவை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இசிஜி சரி, தைராய்டு சரி, ரத்தம் சரி. நான்காவது தடவை ஒரு டாக்டரம்மா உட்காரவைத்துப் பேசினார். "திருடன் வராமலே நாய் குலைக்குதும்மா. நாய் பொய் சொல்லல, அதுக்கு நிஜமாவே பயம். ஆனா திருடன் இல்ல." பத்து நிமிஷம் போல உச்சிக்கு ஏறும், பிறகு தானாக இறங்கும், இதில் யாரும் சாவதில்லை என்றார். மனநல மருத்துவரிடம் அனுப்பினார். எஸ்சிட்டாலோபிராம் என்ற பதற்றத்துக்கான மாத்திரையைத் தொடங்கினார்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும், முதல் வாரம் பதற்றம் கொஞ்சம் கூடினாலும் பயப்படாதே என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தேன். கூடவே வாரம் ஒரு நாள் ஆலோசகரிடம் பேச்சு.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஒரு ஜெபக்கூட்டத்துக்கு ஆச்சி கூட்டிப்போனார். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் என் தலையில் கைவைத்து, இது பயத்தின் ஆவி, மாத்திரையைத் தூக்கி எறி என்றார். 2 தீமோத்தேயு 1:7ஐச் சத்தமாகச் சொன்னார்: தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல். வீட்டுக்கு வந்து அட்டையோடு சாக்கடையில் போட்டேன். நாலாம் நாள் தலை சுற்றல், தலைக்குள் கரண்ட் அடிப்பதுபோல வெட்டி வெட்டி இழுத்தது. அடுத்த வாரம் தினமும் இரண்டு தடவை வந்தது. அதைவிடக் கொடுமை, தேவனும் என்னைக் கைவிட்டார் என்ற நினைப்பு. பைபிளைத் திறக்கவே கை வரவில்லை.

எங்கள் சேகரத்துப் போதகர் ஐயா வீட்டுக்கு வந்தார். நீண்ட ஜெபம் ஒன்றும் செய்யவில்லை. "அந்தத் தீமோத்தேயுவுக்குத்தானம்மா பவுல் வயித்துக்கும் அடிக்கடி வர்ற பலவீனத்துக்கும் கொஞ்சம் திராட்சரசம் சேத்துக்கோன்னு எழுதுறாரு, 1 தீமோத்தேயு 5:23. விசுவாசம் இல்லன்னு அவன ஏசினாரா?" என்று கேட்டார். பிறகு 1 இராஜாக்கள் 19ஐ எடுத்து என்னை வாசிக்கச் சொன்னார். எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறான். அதற்கு முந்தின அதிகாரத்தில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கியவன் இவன்! தூதன் வந்து அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். தின்றுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்கிறான் எலியா. தூதன் இரண்டாந்தரமும் வருகிறான்: எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்.

அந்த அடை என் மாத்திரை என்று எனக்குப் பட்டது. மறுநாளே அப்பாவோடு டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல்லி, முதலிலிருந்து தொடங்கினேன்.

பிலிப்பியர் 4:6ஐ உங்களிடமும் சொல்லியிருப்பார்கள், ஒன்றுக்குங் கவலைப்படாமல் என்று. அதை எழுதிய அதே பவுல் 2 கொரிந்தியர் 11:28இல், எல்லாச் சபைகளைக் குறித்த கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது என்கிறார். இரண்டையும் சேர்த்து வாசித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. 94ஆம் சங்கீதம் 19ஆம் வசனத்தையும் பாருங்கள்: என் உள்ளத்தில் விசாரங்கள் பெருகுகையில் உம்முடைய ஆறுதல்கள் என் ஆத்துமாவைத் தேற்றுகிறது. விசாரம் அடங்கிய பிறகு வரும் ஆறுதல் இல்லை அது. பெருகிக்கொண்டிருக்கும்போதே வருவது. என் விசுவாசம் வளர்ந்தது அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான்.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றி. 2016 டிசம்பர், கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி. கோயிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறைக்குள் நாற்பது பேர், ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. எனக்குத் தொடங்கிவிட்டது. சத்தமில்லாமல் வெளியே வந்து வேப்பமரத்தடிப் படியில் உட்கார்ந்தேன். கொயரில் பேஸ் என்ற கீழ்க்குரல் பாடுகிறவர் ஒருவர் பின்னாலேயே வந்தார். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார், கிட்டே வந்தாலே வார்னிஷ் வாடை அடிக்கும். இரண்டு படி தள்ளி உட்கார்ந்து, "தண்ணி வேணுமா சிஸ்டர், இல்ல சும்மா இருக்கட்டுமா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் பொறுத்து, "நான் காயில் சுத்தையில ஒவ்வொரு சுத்தா எண்ணுவேன். யார் என்ன பேசினாலும் எண்ணிக்கை தப்பக் கூடாது, தப்பினா மோட்டார் புகைஞ்சிரும். எங்கூட எண்ணுறீங்களா?" என்று கேட்டார். கையில் கம்பி சுற்றுவதுபோல விரலைச் சுழற்றிக்கொண்டே மெதுவாக எண்ணினார். நாலு வரைக்கும் மூச்சை இழுத்து, ஆறு வரைக்கும் விட ஆலோசகர் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அவர் எண்ணிக்கையில் என் மூச்சைக் கோத்துக்கொண்டேன். அடங்கியது. உள்ளே பாட்டு முடியும்வரை இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. யாரிடமும் அவர் இதைச் சொல்லவும் இல்லை.

ஒரு வருஷம் கழித்து அவர் அம்மா எங்கள் வீட்டில் பெண் கேட்டார். அதற்கு முன்னால் வந்த ஒரு வரன், நான் மாத்திரை விஷயத்தைச் சொன்னதும் போனைக்கூட எடுக்காமல் நின்றுபோயிருந்தது. அன்றைக்கு அம்மா, "இனி வாயத் திறக்காத" என்றிருந்தார். ஆனாலும் சபையார் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகையன்று, கோயில் பின்பக்கம் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த இடத்தில், மருந்துச் சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "அன்னைக்குப் படியில வந்தது ஒரு தடவை வந்துட்டுப் போறதில்ல. இது ரொம்ப நாள் கூட இருக்கலாம். நல்லா யோசிங்க."

உடனே சரி என்று சொல்லிவிடவில்லை அவர். அதற்காக இன்றைக்கும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். அப்பா சம்மதத்தோடு என் டாக்டரைப் பார்க்க வந்தார், தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு. பிள்ளைகளுக்கு வருமா என்று அத்தை நேராகவே கேட்டார். குடும்பவழியில் வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், வந்தே தீரும் என்று இல்லை, வந்தாலும் வைத்தியம் உண்டு என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சிருந்தா ஏமாத்திட்டாங்கன்னு நெனச்சிருப்பேன். இப்ப எம்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி உனக்கும் சொல்லுவேன், நேரத்துக்குச் சாப்பிடு" என்றார்.

2018இல் கல்யாணம். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிக்கை வாசித்தபோது என் பெயரைக் கேட்டே கை நடுங்கியது. முந்தின நாள் சாயங்காலம் ஐயா எங்களைக் காலிக் கோயிலில் நிற்கவைத்து வாக்குறுதியை ஒரு தடவை சொல்லிப்பார்க்க வைத்தார். மறுநாள் அறுநூறு பேர் முன்னால், வியாதியிலும் சுகத்திலும் என்ற இடம் வந்தபோது நெஞ்சு ஏறத் தொடங்கியது. பிடித்திருந்த கையில் அவர் பெருவிரல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான் ஓடவில்லை.

அவர் வந்ததும் நோய் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 2021இல், கொரோனா இரண்டாம் அலையில், பிள்ளையுண்டாகியிருந்தபோது திரும்பவும் மோசமாக வந்தது. ஒரு ராத்திரி அவர், "இன்னைக்கு என்னால முடியலம்மா" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. புருஷனை வைத்தியராக்கிவிட்டேனே என்று உறைத்தது. மறுநாள் டாக்டரிடமும் ஆலோசகரிடமும் நானே போனைப் போட்டேன். மாத்திரையைக் குறைப்பதா கூட்டுவதா என்பதையும் அவர்கள் சொன்னபடிதான் செய்தேன். அதிலிருந்து எண்ணுவதும் ஜெபிப்பதும் எங்கள் வீட்டில், சிகிச்சை அவர்களிடம்.

அம்மாவிடம் பேசப் பயமாக இருந்தால் முதலில் உங்கள் டாக்டரிடம் அம்மாவைக் கூட்டிப்போங்கள். அவர் வாயால் கேட்டால் பாதிப் பயம் போய்விடும். வரன் வீட்டாரிடம் நிச்சயத்துக்கு முன்னால் சொல்லுங்கள், நேரில், மாப்பிள்ளையிடமே. என்ன நோய், என்ன மருந்து, எவ்வளவு நாளாக என்று மூன்று வாக்கியம் போதும். மன்னிப்புக் கேட்கிற தொனி வேண்டாம். நின்றுபோனால் வலிக்கும், எனக்கும் வலித்தது, ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐக் கூப்பிடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். கோயிலில் கதவோரத்து இருக்கையில் உட்காருங்கள். நான் இன்னும் அங்கேதான் உட்காருகிறேன், பக்கத்தில் ஒரு இடம் காலியாகவே இருக்கும். நெல்லைப் பக்கம் என்றால் உள்பெட்டியில் எழுதுங்கள், டாக்டரைப் பார்க்கப் போகும் அன்றைக்கு நானும் கூட வருகிறேன்.